மிசௌரி வேலி: உண்மையிலேயே கடினமான லீக்கா, வெறும் பேரா?

மிட்வெஸ்ட் வாசி:

கல்லூரி கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. மிசௌரி வேலி கான்பரன்ஸ் (அமெரிக்க மிட்வெஸ்ட் கல்லூரிகளின் லீக்) பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பெரிய அணிகளை மார்ச் மாதத்தில் கவிழ்க்கிற லீக் என்பது ஒரு கட்சி. மேலே ஒன்றிரண்டு அணி, மீதியெல்லாம் கணக்குக்கு என்பது இன்னொரு கட்சி.

இரண்டு பக்கமும் ஆதாரம் இருப்பதுதான் குழப்பம். 2006-ல் இந்த லீக்கிலிருந்து 4 அணிகள் என்.சி.ஏ.ஏ. தொடருக்குப் போயின (மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டி; லீக் கோப்பையை ஜெயித்த அணிக்கு நேரடி இடம், மற்றவர்களை ஒரு தேர்வுக் கமிட்டி எடுக்கும்). 2013-ல் விச்சிட்டா ஸ்டேட்டும் 2018-ல் லயோலா சிகாகோவும் கடைசி நான்கு வரை போயின. ஆனால் 2022 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் ஒரே ஓர் அணிக்குத்தான் இடம். 2024-ல் 28 ஆட்டம் ஜெயித்த இண்டியானா ஸ்டேட்டைக்கூட எடுக்கவில்லை.

கடினம் என்று எதை வைத்துச் சொல்வது? சாதாரண ரசிகன் ஒரு சீசனில் எந்த எண்களை, எப்போது பார்க்க வேண்டும்? "பார்த்தால் தெரியும்" மாதிரியான பதில் வேண்டாம், ப்ளீஸ்.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் கேள்வியை உடைக்கணும் நண்பரே. "போட்டி நிறைந்த லீக்" என்று சொல்பவர்கள் மூன்று வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறார்கள். சராசரி அணி எவ்வளவு பலமானது என்பது ஒன்று. லீக்குக்குள் அணிகள் எவ்வளவு சமம் என்பது இரண்டு. எத்தனை அணிக்கு மார்ச்சில் இடம் கிடைக்கிறது என்பது மூன்று. எல்லா அணியும் ஒரே அளவு மோசமாக இருந்தாலும் லீக் "சமமாக" இருக்கும், அதனால் இரண்டாவதை வைத்து முதலாவதைச் சொல்ல முடியாது.

சமத்துவத்தை அளக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது, காகிதத்திலேயே போடலாம். வேலியில் 2022-23 முதல் 2024-25 வரை 12 அணிகள், ஆளுக்கு 20 லீக் ஆட்டம். எல்லா அணியும் அச்சு அசலாகச் சமம், ஒவ்வொரு ஆட்டமும் நாணயம் சுண்டுவதுபோல் என்று வைத்துக்கொண்டால்கூட எல்லோரும் 10-10 என்று முடிக்க மாட்டார்கள். அதிர்ஷ்டம் மட்டுமே வெற்றிகளை 10-லிருந்து இருபுறமும் சுமார் 2.2 அளவுக்குச் சிதறடிக்கும் (20-ஐ 4-ஆல் வகுத்து வர்க்கமூலம்). இதுதான் கீழ் எல்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை எப்போதும் அடிப்பான் என்றால் சிதறல் ஏறத்தாழ 6.3. இது மேல் எல்லை.

இப்போது 2022-23 லீக் வெற்றிகளின் பட்டியல். பிராட்லி 16, டிரேக் 15, பெல்மாண்ட் 14, சதர்ன் இல்லினாய் 14, இண்டியானா ஸ்டேட் 13, மிசௌரி ஸ்டேட் 12, மரே ஸ்டேட் 11, நார்தர்ன் அயோவா 9, இல்லினாய் ஸ்டேட் 6, வால்பரைசோ 5, யு.ஐ.சி. 4, எவன்ஸ்வில் 1. ஒவ்வொன்றிலும் 10-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டினால் 266. அதை 12-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.7.

அடுத்த வருடம் 2023-24: இண்டியானா ஸ்டேட் 17, டிரேக் 16, பிராட்லி 13, நார்தர்ன் அயோவா 12, பெல்மாண்ட் 12, சதர்ன் இல்லினாய் 11, இல்லினாய் ஸ்டேட் 9, மரே 9, மிசௌரி ஸ்டேட் 8, எவன்ஸ்வில் 6, யு.ஐ.சி. 4, வால்பரைசோ 3. இதே கணக்கில் 4.2.

முதலாவது நடுவுக்குச் சற்று மேலே, இரண்டாவது ஏறத்தாழ நடுவிலேயே நிற்கிறது; இரண்டுமே கீழ் எல்லையிலிருந்து வெகு தூரம். "யாரும் யாரையும் அடிக்கலாம்" என்று டிவியில் சொல்வது இந்த இரண்டு வருடத்துக்கும் பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: 266-ல் 81, அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம், எவன்ஸ்வில் என்ற ஒற்றை அணியின் 1-19 போட்டது. ஒரே ஒரு நொண்டி அணி மொத்த எண்ணையும் இழுத்துவிடும். அதனால் மொத்த எண்ணைப் பார்த்த பிறகு 2-ஆம் இடத்திலிருந்து 8-ஆம் இடம் வரை எவ்வளவு இடைவெளி என்று தனியாகப் பாருங்கள். 2022-23-ல் அது 15-லிருந்து 9. நடுப்பகுதி நல்ல நெருக்கம்.

இன்னொன்று. 12 அணிக்கு முழுச் சுற்று என்றால் 22 ஆட்டம் வேண்டும். இவர்கள் ஆடியது 20. அதாவது 9 அணிகளோடு உள்ளூர், வெளியூர் இரண்டும். 2 அணிகளோடு ஒரே ஆட்டம். அந்த இரண்டு அணி யார் என்பதைப் பொறுத்து ஒரு வெற்றி முன்னே பின்னே ஆகும். ஒரு வெற்றி வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு அணிகளில் யார் மேல் என்று சண்டை போடுவது வீண். (மிசௌரி ஸ்டேட் 2025-ல் கான்பரன்ஸ் யு.எஸ்.ஏ.வுக்குப் போனபிறகு 11 அணி; 20 ஆட்டத்தில் முழுச் சுற்றும் கச்சிதமாக முடியும்.)

பலத்துக்கு கென்பாம் என்ற தரவரிசை இணையதளத்தைப் பாருங்கள். 100 பொஸஷனுக்கு (பந்து கையில் இருக்கும் முறைக்கு) ஒரு அணி சராசரி அணியைவிட எத்தனை புள்ளி மேல் என்று தருகிறது. அதை ஆட்டமாக மாற்றும் வழி: இரண்டு அணிகளின் வித்தியாசத்தை எடுங்கள், 12 என்று வைப்போம். ஆட்டத்துக்கு 68 பொஸஷன் என்றால் 8 புள்ளி. சொந்த மைதானத்துக்கு 3 கூட்டுங்கள், வெளியூருக்கு 3 கழியுங்கள். ஒரு ஆட்டத்தின் சிதறல் ஏறக்குறைய 11 புள்ளி. இதன்படி அந்தப் பலமான அணி வீட்டில் 84 சதவீதம், வெளியூரில் 68 சதவீதம் ஜெயிக்கும். தன் லீக்கின் சராசரியைவிட 12 மேலே இருக்கும் அணிகூட 20-ல் 15 ஆட்டம்தான் ஜெயிக்கும் என்று அர்த்தம். 15-5-ஐப் பார்த்து "தடுமாறிவிட்டார்கள்" என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

---

பிராக்கெட் பைத்தியம்:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் கேட்டவருக்கு உண்மையில் உறுத்துவது மூன்றாவது விஷயம். எத்தனை இடம்? அதை முடிவு செய்வது லீக் ஆட்டங்களின் சமத்துவம் அல்ல, குவாட் பட்டியல்.

நெட் என்ற என்.சி.ஏ.ஏ.வின் அணித் தரவரிசை 2018-19-ல் வந்தது. எதிரணியின் நெட் இடம், ஆட்டம் நடந்த இடம் இரண்டையும் வைத்து ஒவ்வொரு ஆட்டமும் நான்கு பெட்டியில் ஒன்றில் விழும். குவாட் 1 என்றால் வீட்டில் 1–30, நடுநிலை மைதானத்தில் 1–50, வெளியூரில் 1–75. குவாட் 2 வீட்டில் 31–75, நடுநிலையில் 51–100, வெளியூரில் 76–135. குவாட் 3 வீட்டில் 160 வரை, நடுநிலையில் 200 வரை, வெளியூரில் 240 வரை. அதற்குக் கீழே எல்லாம் குவாட் 4.

இப்போது வேலியில் முதலிடம் பிடிக்கும் அணியாக உங்களை வைத்துப் பாருங்கள். லீக்கில் 70-ஆம் இடத்தில் ஒரு நல்ல எதிரி இருக்கிறான். அவன் ஊரில் அவனை அடித்தால் குவாட் 1. அதே அணியை உங்கள் ஊரில் அடித்தால் குவாட் 2-தான். 180-ஆம் இடத்து அணியை வீட்டில் அடித்தால் குவாட் 4, ஒரு பயனும் இல்லை. தோற்றாலோ பிப்ரவரி முழுக்க அந்தத் தோல்வியைத்தான் காட்டுவார்கள். பிக் டென் போன்ற பெரிய லீக்கில் நடுவில் நிற்கும் அணிக்கு 20 லீக் ஆட்டத்தில் பாதி குவாட் 1-ஆக வந்துவிடும். அவர்கள் 5-ல் தோற்று 5-ல் ஜெயித்தால் "5 பெரிய வெற்றி". உங்களுக்கு அந்த வாய்ப்பே இரண்டோ மூன்றோ.

2024 இண்டியானா ஸ்டேட்டின் கதை இதுதான். லீக்கில் 17-3, முதலிடம். நெட் 30-க்குள். வேலியின் லீக் கோப்பைத் தொடரான ஆர்ச் மேட்னஸின் இறுதியில் டிரேக்கிடம் 84-80 தோல்வி. அதற்குப் பிறகு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் வேலியின் இறுதி ஆட்டம் தேர்வு ஞாயிறுக்கு (கமிட்டி அணிகளை அறிவிக்கும் நாள்) முந்தைய ஞாயிறே முடிந்துவிடும். அந்த வாரத்தில் என்.சி. ஸ்டேட், ஆரிகன், டுகேன், யு.ஏ.பி. என்று வரிசையாகத் தங்கள் கான்பரன்ஸ் கோப்பையை ஜெயித்து, கிடைக்காத இடத்தை எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் கடைசியில் நின்ற இண்டியானா ஸ்டேட் இடத்தை இழந்தது. குவாட் 1 வெற்றிகள் கையில் இருந்திருந்தால் கடைசியில் நின்றிருக்கவே மாட்டார்கள். பிறகு என்.ஐ.டி. (இடம் கிடைக்காத அணிகளின் தொடர்) இறுதிவரை போய் சீட்டன் ஹாலிடம் 79-77 என்று தோற்றார்கள். அது அணியின் தரத்துக்குச் சாட்சி, கமிட்டிக்கு அல்ல.

2017-ல் இல்லினாய் ஸ்டேட்டுக்கும் இதேதான். லீக்கில் 17-1, விச்சிட்டா ஸ்டேட்டோடு சமம், இறுதி ஆட்டத்தில் அவர்களிடமே தோல்வி, வெளியே.

இன்னொரு நுணுக்கம்: ஒரு லீக்கின் மொத்த நெட் நவம்பர், டிசம்பரில் தீர்மானமாகிவிடுகிறது. ஜனவரிக்குப் பிறகு உள்ளுக்குள் ஒருவன் ஏறினால் இன்னொருவன் இறங்குவான், மொத்தம் மாறாது. அதனால் வேலியின் 9, 10, 11-ஆம் அணிகள் நவம்பரில் யாரிடம் தோற்கின்றன என்பது முதலிட அணியின் மார்ச்சைப் பாதிக்கும். ரசிகர்கள் முதலிட அணியின் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் கடைசி நான்கு அணிகளின் நவம்பர் முடிவுகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

---

மிட்வெஸ்ட் வாசி:

அப்படியென்றால் 2006-ல் மட்டும் எப்படி 4 இடம்? அப்போதும் கீழே பலவீனமான அணிகள் இருந்திருக்குமே?

---

ஆறாவது ஆள்:

இருந்தன. ஆனால் அளவுகோல் வேறு. அப்போது கமிட்டி பார்த்தது ஆர்.பி.ஐ. என்ற எண்: உங்கள் வெற்றி விகிதம் 25 சதவீதம், உங்கள் எதிரிகளின் வெற்றி விகிதம் 50, எதிரிகளின் எதிரிகள் 25. எத்தனை புள்ளியில் ஜெயித்தீர்கள் என்பது கணக்கிலேயே கிடையாது. 2004-05 முதல் வெளியூர் வெற்றிக்கு 1.4, வீட்டு வெற்றிக்கு 0.6 என்று எடை போட்டார்கள். பெரிய அணிகள் நவம்பரில் வீட்டை விட்டு நகருவதில்லை. வேலி அணிகள் எப்படியும் வெளியூர் போய்த்தான் ஆகணும். விதி இவர்களுக்குச் சாதகமாக விழுந்தது. டிசம்பர் முடிவில் நல்ல வெற்றி விகிதத்தோடு பல அணிகள் லீக்குக்குள் வந்தால், அந்த 50 சதவீதம் எல்லோரையும் சேர்த்துத் தூக்கும். ஒருவரிடம் ஒருவர் தோற்றாலும் பெரிதாக விழ மாட்டார்கள்.

2006-ல் விச்சிட்டா ஸ்டேட் 7-ஆம் சீடு (கமிட்டி தரும் வரிசை எண்), நார்தர்ன் அயோவா 10, சதர்ன் இல்லினாய் 11, பிராட்லி 13. தேர்வு ஞாயிறு அன்று சி.பி.எஸ். சேனலில் வர்ணனையாளர் பில்லி பேக்கர் வேலிக்கு இத்தனை இடம் கொடுத்ததை வெளிப்படையாகவே குறை சொன்னார். பிறகு பிராட்லி கேன்ஸஸையும் பிட்ஸ்பர்கையும், விச்சிட்டா சீட்டன் ஹாலையும் டென்னஸியையும் அடித்து இரண்டுமே கடைசி 16-க்குப் போயின. அதே வருடம் ஆர்.பி.ஐ.யில் 21-ஆம் இடத்தில் இருந்த மிசௌரி ஸ்டேட்டுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஆர்.பி.ஐ. இருந்த காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது நெட்டில் புள்ளித் திறன் நேரடியாக நுழைகிறது, 2020-ல் அதை இரண்டே கூறாகச் சுருக்கினார்கள்: யாரை அடித்தீர்கள் என்பது ஒன்று, எதிரியையும் இடத்தையும் சரிசெய்த திறன் இன்னொன்று. 200-க்குக் கீழே இருக்கும் அணியை 6 புள்ளியில் ஜெயித்தால் வெற்றிதான், ஆனால் திறன் இறங்கும். கடைசி நிமிடத்தில் பெஞ்ச் ஆட்களை இறக்கி 22 புள்ளி முன்னிலையை 14-ஆக விடும் கோச் இன்று தன் அணிக்கே கெடுதல் செய்கிறார்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஆட்கள். 2006-ன் வேலி என்பது மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் ஒன்றாக வளர்ந்த அணிகள். இன்று அது நடக்காது. 2024-ன் இண்டியானா ஸ்டேட் ஐவரைப் பாருங்கள்: ராபி அவிலாவும் ஐசையா ஸ்வோப்பும் கோச் ஜாஷ் ஷெர்ட்ஸோடு செயின்ட் லூயிஸ் பல்கலைக்குப் போனார்கள், ரயன் கான்வெல் சேவியருக்கு, ஜேசன் கென்ட்டும் ஜூலியன் லாரியும் டெக்ஸாஸுக்கு. தொடக்க ஐவரும் கோச்சும் ஒரே கோடையில் காலி. அதே கோடையில் டிரேக்கின் கோச் டேரியன் டெவ்ரீஸ் வெஸ்ட் வர்ஜினியாவுக்கு. அந்த ஏப்ரலில்தான் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. 2025 ஜூலையிலிருந்து பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு வருமானத்தைப் பகிரலாம்; 2025-26-க்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். வேலிக் கல்லூரிகளால் அதன் பக்கத்திலேயே போக முடியாது.

அணிகளும் போய்க்கொண்டே இருக்கின்றன. கிரெய்டன் 2013-ல், விச்சிட்டா 2017-ல், லயோலா 2022-ல். 2013-லும் 2018-லும் கடைசி நான்கு வரை போன இரண்டு அணியுமே இன்று இந்த லீக்கில் இல்லை. பழைய சாதனையை வைத்து இன்றைய லீக்கை எடைபோடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நேர் எதிரான உதாரணமும் டிரேக்தான். ஆள் எல்லாம் போன பிறகு பென் மெக்கலம் வந்தார், டிவிஷன் 2-ல் (இரண்டாம் நிலைக் கல்லூரிப் பிரிவு) நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டில் 4 தேசியப் பட்டம் வாங்கியவர். அங்கே ஆடிய பையன்கள் நான்கு பேரைக் கூட்டி வந்தார், பென்னட் ஸ்டிர்ட்ஸ் உட்பட. நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றாக ஆடி 31-4. 11-ஆம் சீடாகப் போய் மிசௌரியை 67-57 என்று அடித்தார்கள். வருடம் முடிந்ததும் கோச்சும் ஸ்டிர்ட்ஸும் அயோவாவுக்கு. மேலே இருக்கும் ஒரு அணி இந்த லீக்கில் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கும், எத்தனை மாதம் அங்கே நிற்கலாம் என்பதற்கும் இது ஒன்றே போதும்.

---

ஆர்ச் நிழல்:

ஒரு விஷயத்தில் எல்லோரோடும் மல்லுக்கு நிற்கிறேன். மார்ச் வெற்றிகளை லீக்கின் பலத்துக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். 2018 லயோலா முதல் மூன்று ஆட்டம் எப்படி ஜெயித்தது? மயாமியை 64-62, டென்னஸியை 63-62, நெவாடாவை 69-68. மூன்று ஆட்டத்தில் மொத்தம் 4 புள்ளி. அற்புதமான அணிதான், ஆனால் ஒரு பந்து உருண்டு வெளியே போயிருந்தால் "வேலி சும்மா" என்று எழுதியிருப்பார்கள். லீக் அதே லீக்தான்.

விச்சிட்டா 2013 வேறு மாதிரி. தன் லீக்கிலேயே 12-6, கிரெய்டனுக்குப் பின்னால், ஆர்ச் மேட்னஸ் இறுதியிலும் கிரெய்டனிடம் தோல்வி. அந்த அணி பிறகு கொன்ஸாகாவையும் ஒஹாயோ ஸ்டேட்டையும் அடித்தது. கடைசி நான்கு வரை போகும் தரமுள்ள அணிக்கு உள்ளூரில் 6 தோல்வி கொடுத்தது என்றால், அந்த வருட லீக்கின் நடுப்பகுதியை மதிக்கலாம். அடுத்த வருடம் அதே அணி லீக்கில் 18-0. அணி நன்றாக வளர்ந்தது உண்மை, கிரெய்டன் போனதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரிப்பதில்தான் 2014 முழுக்கச் சண்டை நடந்தது. கென்டக்கியிடம் 78-76 தோல்வி அந்தச் சண்டையைத் தீர்க்கவில்லை, கென்டக்கி இறுதி ஆட்டம் வரை போனதால்.

ஆர்ச் மேட்னஸ் பார்க்க செயின்ட் லூயிஸ் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 வரை இருந்த 12 அணி வடிவில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் வியாழன் ஆட வேண்டியதில்லை; வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஜெயித்தால் கோப்பை. ஐந்தாமிடம் என்றால் நான்கு நாளில் நான்கு. முதலிட அணிக்கு 80, 75, 70 சதவீதம் வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்தாலும் மூன்றையும் பெருக்கினால் 42. லீக்கின் சிறந்த அணி பாதிக்கு மேற்பட்ட வருடம் கோப்பையைத் தூக்காது. ஒரே இடம் உள்ள லீக் தன் சிறந்த அணியை அனுப்புவது சூதாட்டம். டிரேக் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது அதனால்தான் அபூர்வம். அதிலும் முதல் இரண்டில் லீக்கில் முதலிடம் வேறு அணி.

---

கணக்குப்பிள்ளை:

ஆர்ச் நிழல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சமத்துவமும் இடங்களும் எதிரெதிர் திசையில் இழுக்கும். எல்லோரும் 12-8, 11-9 என்று முடிக்கும் லீக் பார்க்க அருமை, ஆனால் கமிட்டி மேசையில் ஒருவர் பெயரும் நிற்காது. 17-3, 16-4 என்று இருவர் பிய்த்துக்கொண்டு போனால்தான் இரண்டாவது இடத்தைப் பற்றிப் பேச்சே வரும். 2021-ல் லயோலாவும் டிரேக்கும் சேர்ந்து போனது அப்படித்தான்.

கேட்டவருக்கு நடைமுறைப் பதில்: டிசம்பர் கடைசி வாரம் நெட் பட்டியலைத் திறந்து மூன்று எண்களை எண்ணுங்கள். 75-க்குள் எத்தனை வேலி அணி, 135-க்குள் எத்தனை, 240-க்குக் கீழே எத்தனை. முதல் எண் 3 அல்லது அதற்கு மேல், கடைசி எண் 1 அல்லது 0 என்றால் அந்த வருடம் இரண்டு இடத்துக்கு வழி இருக்கிறது. 75-க்குள் ஒரே அணி, 240-க்குக் கீழே நான்கு அணி என்றால், அந்த ஒரு அணி 18-2 போனாலும் செயின்ட் லூயிஸில் ஜெயித்தே ஆகணும். இந்த வரம்புகள் என் கணிப்பு, விதி அல்ல.

பிப்ரவரியில் 'வெற்றி மேல்மிச்சம்' என்ற எண்ணையும் பாருங்கள், வாப் என்பார்கள். அதே அட்டவணையை நூலிழையில் நிற்கும் ஒரு அணி ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும், அதைவிட நீங்கள் எத்தனை கூடுதல் என்று சொல்லும். 2024-25 முதல் கமிட்டியின் அணித்தாளில் வருகிறது. பலவீனமான அணியை 40 புள்ளியில் அடித்து நெட்டை ஊதுவது இதில் செல்லாது, வெற்றியா தோல்வியா மட்டும்தான் கணக்கு.

---

பிராக்கெட் பைத்தியம்:

75-க்குள் 3 அணி என்பது கொஞ்சம் கறார். 2 அணி 75-க்குள் இருந்து, இன்னும் மூன்று 76–135-க்குள் இருந்தாலும் வெளியூர் ஆட்டங்கள் குவாட் 2-ஆக வரும், அதில் 5-க்கு 4 ஜெயித்தால் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் நவம்பரில் ஒரு பெரிய அணியை நடுநிலை மைதானத்திலாவது அடித்திருக்கணும். பெரிய கல்லூரிகள் காசு கொடுத்துத் தங்கள் ஊருக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள், திரும்பி வர மாட்டார்கள். நான்கு அல்லது எட்டு அணி கூடும் நவம்பர் தொடர்கள் ஒன்றுதான் வேலிக்கு நடுநிலை மைதான வாய்ப்பு. அட்டவணை வந்ததும் யார் எந்தத் தொடரில் என்று முதலில் அதைத்தான் பாருங்கள்.